ஏழு தண்ணி சுந்தர்ராஜ்

சித்தூரில் எங்கள் கோயில் தெருவில் யாரையாவது நிறுத்தி சுந்தர்ராஜ் வீடு எது என்று கேட்டால், "எந்த சுந்தர்ராஜ்? ஏழு தண்ணி சுந்தர்ராஜா?" என்று திருப்பிக் கேட்பார்கள். குடிதண்ணீர் சப்ளை செய்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்டுக்குடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் போட்டியை, ஏழு முறை தண்ணீர் மாற்றிக் கழுவுகிறவர் என்று அர்த்தம். அவர் என் அக்கா புருஷன். ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. வாரத்தில் ஆறு நாள் காலை பாசஞ்சரைப் பிடித்துப் போய் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருவார். ஏழாம் நாள் ஆட்டோடு. கர்த்தர் ஓய்ந்திருக்கச் சொன்ன நாளில் இந்த மனிதர் ஓய்ந்திருந்து நான் பார்த்ததே இல்லை.

என் பெயர் சாம்ராஜ். வெதுருகுப்பம் பள்ளிக்கூடத்தில் சோஷியல் வாத்தியார். வயது நாற்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை, சமைக்கவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் எங்கே இருப்பேன் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. மூளை என்றதும் நினைவுக்கு வருகிறது, மாமா மூளையை முட்டை போட்டுக் கிளறுவதும் பிரமாதமாக இருக்கும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் மாமா பாஷா பாய் கடையில் நிற்பார். "மன்ச்சி தலகாய் உந்தி சாரு, மீ கோசமே பெட்டினானு" என்று பாய் தெலுங்கில் ஆசை காட்டுவார். உங்களுக்காகவே நல்ல தலையாக எடுத்து வைத்திருக்கிறேன் என்று அவர் எல்லோரிடமும்தான் சொல்கிறார். மாமா அந்தப் பேச்சுக்கெல்லாம் மயங்குகிற ஆள் இல்லை. ஆட்டுத்தலையின் வாயைத் திறந்து நாக்கைப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார். பெண் பார்க்க வந்தபோது என் அக்காவைக்கூட அவர் இவ்வளவு உற்றுப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு தலை, ஒரு செட்டு போட்டி, கொஞ்சம் ஈரல், கிடைத்தால் ரத்தம். எல்லாம் வீட்டின் பின்பக்கத்துக்குத்தான் வரும். அங்கே தனி அடுப்பு, தனி குண்டான், தனி கரண்டி. குடலைக் குச்சியில் கோத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவார். இரைப்பையைச் சுடுதண்ணீரில் சுண்ணாம்பு கலந்து முக்கி, கறுப்புத் தோலைக் கத்தியால் சுரண்டுவார். பிறகு கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர் என்று ஆரம்பிக்கும். ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார். ஏழு என்பது பெயருக்குத்தான். மூக்கு போதும் என்றால் ஐந்தில் நிறுத்துவார், போதாது என்றால் ஒன்பதுக்கும் போவார்.

நாக்கு விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டு நாக்கு ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, மேலே இருக்கிற சொரசொர வெள்ளைத் தோலைச் சுரண்டி, முழுசாக வேக வைத்து, வில்லை வில்லையாக அரிந்து, கடலெண்ணெயில் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வறுத்தால் எட்டு வில்லை தேறும். அந்த எட்டும் யாருக்கு என்பதற்கு அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. போட்டி கழுவினவருக்குத்தான் நாக்கு.

சட்டம் போட்டவர் மாமாவின் நைனா, அதாவது அப்பா. அவர் மிஷன் விடுதியில் சமையல்காரராக இருந்தவர். குடல் கழுவச் சொன்னால் உதவிக்கு இருக்கிற ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவார்களாம். அதனால், இருப்பதிலேயே மோசமான வேலையைச் செய்கிறவனுக்கு இருப்பதிலேயே நல்ல துண்டு, வார்டன் வந்தாலும் பிஷப்பே வந்தாலும் அவர்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் கழுவுவதற்கு அடிதடியாம். அந்தச் சட்டப்படி இருபத்தேழு வருஷமாக நாக்கை மாமாதான் சாப்பிட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இரண்டு வில்லை என் தட்டில் போடுவார். நான் முகத்தை அப்படி வைத்துக்கொள்வதில் நல்ல பயிற்சி எடுத்திருந்தேன்.

என் அக்கா ஞானசௌந்தரி இதில் எதையும் தொடமாட்டாள். எங்கள் நைனா சபையில் சொற்பச் சம்பளத்துக்கு ஊழியம் பார்த்த உபதேசியார். எங்கள் வீட்டில் கறி என்றால் சுண்டுவிரல் அளவுத் துண்டு, அதுவும் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும். கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் பின்பக்கம் போயிருக்கிறாள். ஒரு குண்டானில் இரைப்பை ஊறிக்கொண்டிருந்தது. அது பார்ப்பதற்கு அசல் டவல் மாதிரியே இருக்கும். யாரோ டவலை ஊறப்போட்டு மறந்துவிட்டார்கள் என்று எடுத்து நன்றாகப் பிழிந்து, கொடியில் போடுவதற்காக உதறவும் செய்துவிட்டாள். பிறகுதான் அது என்ன என்று தெரிந்தது. இரண்டு நாள் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளும் ஒரு சட்டம் போட்டாள். போட்டி வேலை முடிந்து மாமா வீட்டுக்குள் வரவேண்டுமானால் புளியும் எலுமிச்சையும் தேய்த்துக் கை கழுவ வேண்டும். பின்வாசல்படியில் நின்று பத்து விரலையும் ஒவ்வொன்றாக மோந்து பார்க்க வேண்டும். அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே இருந்து, "போச்சா?" என்பாள். அவர் பத்தாவது விரலையும் மோந்துவிட்டு "போச்சு" என்பார். அப்புறம்தான் அனுமதி. இவர்கள் மகள் எப்சிபா சின்ன வயதில், எல்லா வீட்டிலும் அப்பாக்கள் விரலை மோந்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தது. இப்போது அது பெங்களூரில் குடும்பம் நடத்துகிறது. மருமகனைச் சோதிக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

கொரோனா இரண்டாவது அலையில் எங்கள் மூன்று பேருக்கும் காய்ச்சல் வந்தது. மூன்று பேருக்கும் மூக்கு மரத்துப் போனது. எனக்குப் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்துவிட்டது. அக்காவுக்கு அதற்கும் முன்னால். மாமாவிடம் கேட்டபோது, "வந்துடுச்சி, வந்துடுச்சி" என்றார். நானும் நம்பினேன். ஞாயிறுகள் பழையபடி நடந்தன, ஏழு தண்ணீரும் நடந்தது, போட்டிக் குழம்பில் களியை உருட்டிப் போட்டு முழுங்கிக்கொண்டிருந்த எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

மூன்று வருஷம் கழித்து, போன அக்டோபரில் ஒரு சாயங்காலம், மாமா என்னைத் தனியாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"டேய் சாமு, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாத. எனக்கு மூக்கு வர்ல."

"எந்த மூக்கு?" என்று கேட்டேன். வாத்தியார் புத்தி.

"வாசனடா. ஒண்ணுமே தெரியறதில்ல. போன மாசம் பட்டறையில மோட்டார் காயில் எரிஞ்சி எல்லாரும் வெளிய ஓடிட்டாங்க. நான் பாட்டுக்கு அரம் போட்டுக்கினு நிக்கறேன். சூப்பர்வைசர் வந்து சட்டையப் புடிச்சி இஸ்துக்கினு போனான். வெளிய வந்து பாத்தா அல்லாரும் மூக்கப் பொத்திக்கினு கீறாங்க. சரின்னு நானும் பொத்திக்கினேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "அப்போ மூணு வருஷமா போட்டிய எப்படி மாமா கழுவறீங்க?"

"எண்ணிக்கைலதான். ஏழுன்னா ஏழு. மோந்து பாக்கறது சும்மா பழக்கத்துக்கு. ஆனா பாரு, மூணு வருஷத்துல ஒரு நாளாவது நாத்தம் அடிச்சிருக்குதா? மூக்கு போனாலும் கைக்குத் தெரியும்டா." இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கொஞ்சம் பெருமை வந்தது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா போட்டிய காம்பவுண்டுக்குள்ள வுடுவாளா உங்கக்கா?"

மூன்று வருஷம் மறைத்ததை அன்றைக்கு ஏன் சொன்னார் என்றால், அறுப்பின் பண்டிகை வந்துகொண்டிருந்தது. எங்கள் சபையில் அந்தப் பண்டிகைக்கு நாலு ஆடு அடிப்பார்கள். கறி சபைக்கு. தலையும் குடலும் மாமா வீட்டுப் பின்பக்கத்துக்கு. பெஞ்சு தூக்கினவர்கள், பரிமாறினவர்கள், பாத்திரம் கழுவினவர்கள் என்று ஒரு இருபது பேர் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு மாமா வீட்டில் உட்கார்ந்து அதைச் சாப்பிடுவார்கள். கடைசிப் பந்தி என்று பெயர். முதல் பந்தியில் உட்காரச் சொன்னால்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதற்காகப் பெஞ்சு தூக்குகிறவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

கொரோனா வந்ததிலிருந்து பந்தி நின்றுபோய்ப் பொட்டலம்தான். இந்த வருஷம் மறுபடி பந்தி என்று முடிவானது. கமிட்டிக் கூட்டத்தில் வாலிபர் சங்கச் செயலாளர் நிதின் எழுந்து, எல்லாவற்றையும் கேட்டரிங்கில் கொடுத்துவிடலாம், இந்தக் குடல் சமாச்சாரம் இந்தக் காலத்துக்குச் சரிவராது, யாருக்காவது வயிற்றுக்குப் போனால் சபைக்குத்தான் கெட்ட பெயர் என்றான். நல்ல பையன்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன். கை கொடுத்தால் உடனே கையில் சானிடைசர் போட்டுக்கொள்வான், அது ஒன்றுதான் குறை. எங்கள் சபைப் போதகர் ஜோனத்தான் ஐயா, எல்லாப் போதகர்மாரும் செய்வதுபோல, ஆளுக்குப் பாதியாகத் தீர்ப்பு சொன்னார். கறி கேட்டரிங்கில். கடைசிப் பந்தி இந்த வருஷம் சுந்தர்ராஜ் வீட்டிலேயே நடக்கட்டும். ஒரு குறையும் வராவிட்டால் தொடரலாம், வந்தால் அடுத்த வருஷத்திலிருந்து அதுவும் கேட்டரிங்.

கூப்பிட்டுச் சொன்னபோது மாமா "சரிங்க ஐயா" என்றுதான் சொன்னார். மறுநாள் டிபன் பாக்ஸை ரயிலிலேயே விட்டுவிட்டு வந்தார். சபையில் அவருக்கு வேறு அந்தஸ்து கிடையாது. கமிட்டியில் இல்லை. பாட்டுக் குழுவில் சேர்ந்து இரண்டே வாரத்தில் அன்பாக அனுப்பப்பட்டவர். வருஷத்துக்கு ஒரு நாள் இருபது பேர் அவர் வீட்டில் தட்டோடு உட்கார்ந்து அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவார்கள். அது போய்விட்டால் அவர் வெறும் சுந்தர்ராஜ். அவர் பயந்தது அதற்குத்தான், எனக்கும் பாவமாக இருந்தது.

"நாலு ஆட்டுப் போட்டிடா. கைய நம்பி வுட முடியாது. நீதான் என் மூக்கு," என்றார்.

இருபத்தேழு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. ஒத்துக்கொண்டேன். சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள் என்பதால் ஒரு ஏற்பாடு செய்தோம். அவர் ஒரு துண்டை என் பக்கம் நீட்டுவார். நாற்றம் இருந்தால் நான் "மழை வரும்போல கீது" என்று சொல்ல வேண்டும். போய்விட்டிருந்தால் "மழை வராது". இரண்டு ஞாயிறு ஒத்திகைகூடப் பார்த்தோம். என் பங்கு நாக்கை மூன்று வில்லையாக உயர்த்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் மூக்குக்கு ஒரு மரியாதை கிடைத்தது.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் வெதுருகுப்பம் பஸ் ஸ்டாப்பில் தொப்பலாக நனைந்தேன். சளி பிடித்து மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டது. வெந்நீர், தைலம், ஆவி, எதற்கும் அசையவில்லை. மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் வேறு மூக்கு தேடுவார், அப்புறம் மூன்று வில்லையும் போய்விடும் என்று ஒரு பக்கம் நினைத்தேன். நம்பிக் கேட்ட ஆளிடம் என்னால் ஆகாது என்று சொல்ல வெட்கம் என்பது இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரியது என்று இன்றுவரை நான் ஆராயவில்லை.

பண்டிகையன்று விடியும்போதே தூறல். ஏழு மணிக்கு நாலு தலையும் நாலு செட்டு போட்டியும் வந்து இறங்கின. பின்பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஒருபுறம் நாலைந்து பேர் தலைகளை நெருப்பில் வாட்டி முடி பொசுக்கிக்கொண்டிருந்தார்கள். நிதின் மாஸ்க்கும் கையுறையும் மாட்டிக்கொண்டு, ஆபரேஷனுக்கு வந்தவன் மாதிரி ஓரமாக நின்று பார்த்தான்.

மாமா கழுவ ஆரம்பித்தார். மழைக்காலத்துப் பசும்புல் தின்ற ஆடுகள். குடலில் பச்சை அப்பியிருந்தது. ஆறாவது தண்ணீர் போனது, ஏழாவதும் போனது. மாமா ஒரு துண்டை எடுத்துத் தான் மோந்து பார்ப்பது போல நடித்துவிட்டு, "சாமு, வானம் எப்படி கீது பாரு," என்று என் பக்கம் நீட்டினார்.

நான் குனிந்து இழுத்தேன். ஒன்றும் உள்ளே போகவில்லை. அவர் கண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மழை வராது மாமா," என்றேன்.

தார்ப்பாய் ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் சொட்டுச்சொட்டாக என் தலையில் விழுந்துகொண்டிருந்தது. முடி பொசுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மாமா மட்டும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, குண்டானை அடுப்பில் ஏற்றத் தூக்கினார்.

"அத கீழ வைங்க."

அக்கா பின்வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். பண்டிகைக்குக் கட்டிய பட்டுப்புடவை, தலையில் மல்லி, கையில் பைபிள் பை. கோயிலுக்குக் கிளம்பியவள். பையை என் கையில் திணித்தாள். போட்டி வேலை நடக்கும்போது அவள் அந்தப் படியைத் தாண்டி இறங்கி நான் பார்த்ததே இல்லை. அன்று இறங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குண்டானின் முன்னால் குந்தினாள். வெறும் கையால் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை.

"இன்னும் நாலு தண்ணி," என்றாள்.

"ஞானம், பொடவ..." என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏழு ஆயிடுச்சிம்மா. சாமுகூட..."

"சாமுவுக்கு மூணு நாளா மூக்கு அடச்சிக்கினு கீது. நேத்து நான் தீச்சிட்ட அடைய, 'மொறுமொறுன்னு கீதுக்கா'ன்னு நாலு துன்னான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் தார்ப்பாயைப் பார்த்தேன்.

அக்கா தலை நிமிராமல், எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "உங்களுக்கு மூணு வருஷமா மூக்கு இல்ல."

மாமாவின் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"மொத வாரமே தெரியும். கை கழுவ மறந்துட்டு வந்து படில நின்னீங்க. பத்து வெரலையும் மோந்து பாத்துட்டு 'போச்சு'ன்னீங்க. எனக்கு உள்ள நின்னுகினு கொமட்டிக்கினு வந்துச்சி."

"அன்னிக்கே சொல்ல வேண்டியதுதான?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க சொல்லல."

"அப்போ இந்த மூணு வருஷமா..."

"நீங்க குளிக்கப் போயி அரை மணி நேரம் பாடுவீங்களே, அப்போ கழுவுவேன். சில வாரம் ரெண்டு தண்ணி. சில வாரம் மூணு. பாட்டு நின்னா மூடி வெச்சிட்டு உள்ள போய்டுவேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் விரல் மஞ்சளாக இருந்தது. ஒருமுறை நான், "இந்த வயசுல மஞ்சள் பூசி யாரை மயக்கப் போற?" என்று கேலிகூடச் செய்திருந்தேன். அவள் ஊறுகாய் போட்டேன் என்றாள். மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு ஊறுகாய் ஜாடியைக்கூட நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு விஷயத்தில் எல்லாம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாமல் போனது பெரிய அவமானம். டவல் என்று நினைத்துப் பிழிந்ததற்கு இரண்டு நாள் தண்ணீர் குடிக்காதவள், வாரா வாரம் அந்த மனிதருக்குத் தெரியாமல் அதே குண்டானில் கையை விட்டிருக்கிறாள்.

கைக்குத் தெரியும் என்று பெருமையடித்தாரே மாமா, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் ஊற்ற ஊற்ற அக்கா அலசினாள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் மோந்து பார்த்தாள். பதினொன்றாவதில் தலையாட்டினாள். கோயில் முதல் மணி அடித்தது. எழுந்து புளியும் எலுமிச்சையும் தேய்த்துக் கை கழுவி, தன் பத்து விரலையும் மோந்து பார்த்துவிட்டு, என்னிடமிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். பட்டுப்புடவையின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் நனைந்திருந்தது.

நிதின் மெதுவாக என்னிடம் வந்து, "அங்கிள், ஏழு தண்ணின்னுதானே சொல்வாங்க?" என்றான்.

"பண்டிகைக்குப் பதினொண்ணு," என்றேன்.

அன்றைக்குப் போட்டி கடலைப்பருப்போடு வெந்து, கசகசாவும் தேங்காயும் அரைத்து ஊற்றிக் கொதித்தபோது தெருவே மணத்ததாகச் சொன்னார்கள். அந்த மணம் எட்டாத இரண்டு பேரும் அடுப்பின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தோம். ஆட்கள் கோயிலிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருவதைப் பார்த்துத்தான் சரியாக வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டோம்.

மூன்று மணிக்குக் கடைசிப் பந்தி. கூடத்திலும் பின்பக்கத்திலுமாக இருபது பேர். களி, போட்டிக் குழம்பு, தலைக்கறி, ரத்தப் பொரியல். அக்கா வழக்கம்போல எட்டி நின்று தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜோனத்தான் ஐயாவும் எட்டிப் பார்ப்பதற்கென்று வந்து உட்கார்ந்துவிட்டார். நிதின் மாஸ்க்கைக் கழற்றி, சுண்டுவிரல் நகமளவு துண்டு ஒன்றை வாயில் வைத்தான். பிறகு கையுறையையும் கழற்றினான்.

நாலு நாக்கும் வறுத்து ஒரே தட்டில் வந்தது. முப்பத்திரண்டு வில்லை. எல்லாருக்கும் சட்டம் தெரியும் என்பதால் தட்டு மாமாவிடம் போனது. என் முகத்தை நான் தயார் செய்துகொண்டேன். மாமா தட்டை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"எனக்கு மூணு வருஷமா மூக்கு கெடையாது," என்றார். பந்தி அப்படியே நின்றது. "கொரோனால போச்சு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா இந்தப் பந்தி என்கிட்டேர்ந்து போய்டும்னு பயம். இன்னிக்கு நீங்க துன்னது என் ஏழு தண்ணியோட நின்னிருந்தா ஒருத்தரும் வாயில வெச்சிருக்க மாட்டீங்க. மிச்சம் கழுவனது இவ. இன்னிக்கு மட்டும் இல்ல."

அக்கா, "இப்போ எதுக்கு இதெல்லாம்? ஒக்காருங்க, ஆறுது," என்றாள். அவர் உட்காரவில்லை. தட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் நீட்டினார்.

"எனக்கு வாணாம். நான் துன்னமாட்டேன்னு ஊருக்கே தெரியும்."

"எங்க நைனா சட்டம். கழுவனவங்களுக்குத்தான்."

அவள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து ஒரு வில்லையை எடுத்தாள். மாத்திரை போடுகிற முகத்தோடு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயில் போட்டாள். அவள் துப்பிவிட்டால் மிச்சம் முப்பத்தொன்றும் யாருக்கு வரும் என்று ஒரு கணம் யோசித்தேன், பொய் சொல்வானேன். அவள் துப்பவில்லை. மென்று முழுங்கினாள்.

மாமா குனிந்து கேட்டார். "எப்படி கீது?"

"நல்லாத்தான் கீது."

"அது இல்ல, ஞானம். இன்னா ருசின்னு சொல்லு." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு வாயில போட்டா மெத்துன்னு கீது. உப்பு தெரியுது, ஒறைப்பு தெரியுது. அவ்ளோதான். மூணு வருஷமா வாரா வாரம் துன்றேன், வேற ஒண்ணுமே தெரியல."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு போனது அவளுக்குத் தெரியும். நாக்கின் ருசியும் அதோடு போய்விட்டது என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. நானும் நினைக்கவில்லை. வாரா வாரம் எதிரில் உட்கார்ந்து, "ஆஹா மாமா, இன்னிக்கு மிளகு தூக்கலா இருக்கு" என்று அவரிடமே சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அவரும் "அவுனுடா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா இன்னொரு வில்லையை எடுத்தாள். இந்த முறை கண்ணைத் திறந்தபடியே, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி மென்றாள்.

"மொதல்ல மெளகு வாசன வருது," என்றாள். "அப்பறம் கறிவேப்பில, கொஞ்சம் கருகன மாதிரி. கடிச்சா உள்ளேர்ந்து ஒரு பால் வாசன. வெண்ணெ காச்சி எறக்கும்போது அடில வருமே, அந்த மாதிரி. ஆட்டு வாசன மொதல்ல தெரியல. முழுங்கனப்பறம் தொண்டையில லேசா நிக்குது."

மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தாடை மெல்ல அசைந்தது.

"ஆமா," என்றார். "அதான். அதேதான்."

நான் சளியைச் சாக்கு வைத்து மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

யாருக்கும் வயிற்றுக்குப் போகவில்லை. நிதின் சபை வாட்ஸ்அப் குரூப்பில், கடைசிப் பந்தி வழக்கம்போல் தொடரும், தண்ணீர் எண்ணிக்கையை ஞானசௌந்தரி ஆன்ட்டி முடிவு செய்வார் என்று அறிவிப்புப் போட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா கழுவுகிறார், அக்கா பின்வாசல்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மோந்து பார்த்துச் சொல்கிறாள். "சாலு" என்றால் போதும், "ஊஹூம்" என்றால் இன்னொரு தண்ணீர். தெருவில் அவர் பெயர் இன்னும் ஏழு தண்ணி சுந்தர்ராஜ்தான். போட்டியை மட்டும் அக்கா இன்றைக்கும் தொட்டுச் சாப்பிடுவதில்லை, டவல் ஞாபகம் வருகிறதாம்.

என் மூன்று வில்லை என்ன ஆயிற்று என்றால், போய்விட்டது. சளி சரியாகி மூக்கு நன்றாக வேலை செய்கிறது, யாரும் கேட்பதில்லை. எட்டு வில்லையில் நாலு அக்காவுக்கு, நாலு மாமாவுக்கு. முகத்தை எப்படி வைத்துக்கொண்டாலும் இரண்டு பேரும் என் பக்கம் திரும்புவதில்லை. மாமா ஒரு வில்லையை வாயில் வைத்துக்கொண்டு அக்கா வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் தன்னுடையதை மென்று என்ன ருசி என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அவர் மெல்லத் தொடங்குகிறார்.